பன்னிரண்டு கதிரைகள், பதின்மூன்று வலது கால்கள்

1

2000 பெப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை. 5.25 பஸ். ஆறரையிலிருந்து மூன்று மணிவரை வேலை: யன்னல் சட்டங்களின் நான்கு மூலைக்கும் மட்டை வைத்து நாடா ஒட்டுவது. அன்று முந்நூற்றுப் பன்னிரண்டு சட்டங்கள். மதியம் சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். 4.15க்கு வீடு. தபாற்பெட்டியில் இரண்டு கடிதங்கள். ஒன்று நூலகத்திலிருந்து மகளுக்கு. மற்றது பல்வைத்தியரிடமிருந்து என் தகப்பனாருக்கு.

என் தகப்பனார் 1981இல் யாழ்ப்பாணத்தில் காலமானவர். ரொறன்ரோ விமான நிலையத்தில் தந்த படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டு திகைத்து, நான் அவருடைய பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் அவர் சுகமாக இருக்கிறார். வேலைக்குப் போகிறார், வரி கட்டுகிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் காட்ட அழைக்கப்படுகிறார். நான்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இப்படி ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். 1974இல் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், எழுதுவினைஞராகச் சேர்ந்த நாள்முதல் எழுதுகிறேன். "நீங்கள் சீவிக்கிறதில்லை, பதியிறீங்கள்" என்பாள் என் மனைவி றீற்றா. பதினெட்டு வயது மகள் அனெற்றும் அதையேதான் சொல்கிறாள், ஆனால் இரண்டு வருடமாக ஆங்கிலத்தில். இப்போது அவள் கோபிப்பது, சிரிப்பது, அலுத்துக்கொள்வது எல்லாம் ஆங்கிலத்தில்தான். பசித்தால் மட்டும் தமிழ் வருகிறது. அதனால் அவளுக்குப் பசிப்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

4.50க்கு அழைப்பு மணி. வாசலில் மூப்பர் நின்றார்.

அவருடைய பெயர் அந்தோனிப்பிள்ளை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோவிலின் சபைத் தலைவராக இருந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் அவரை மூப்பர் என்றுதான் கூப்பிட்டோம். இப்போது அறுபத்தெட்டு வயது. போன ஓகஸ்டில் வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி, சகோதரன் மகனான பெறாமகனின் வீட்டு நிலவறையில் இருக்கிறார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நகரத்தில் அவருடைய விசாரணை. நான் சாட்சி. இரவு எங்கள் வீட்டில் தங்கி, என்னோடு வருவதாக ஏற்பாடு.

சாதாரணத் தோற்சப்பாத்துக்கு மேலே பொலித்தீன் பை கட்டியிருந்தார். கையில் ஒரு பெட்டி. அதற்குள் பெறாமகன் வாங்கிக் கொடுத்த பனிச் சப்பாத்து, மடிப்புக் கலையாமல்.

"இது காலில போடத்தான் வாங்கித் தந்தது மூப்பர்," என்றாள் றீற்றா.

"தெரியும் பிள்ளை. குனிஞ்சு கயிறு கட்ட வேணுமெல்லே. எனக்குக் குனியிற பழக்கம் இல்லை."

அது கொட்டாஞ்சேனை முழுவதற்கும் தெரிந்த விஷயம். நான் பெட்டியை வாங்கி வைத்தேன்.

2

அதை விளக்க 1997க்குப் போகவேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் அலைந்து, 96 செப்டெம்பரில் கொழும்பு வந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். ஓர் அறை, மூன்று பேர், ஒரு மின்விசிறி. றீற்றாவின் தமையன் கனடாவிலிருந்து பொறுப்பு நின்று எங்களைக் கூப்பிட்டிருந்தார், விசாவுக்காகக் காத்திருந்தோம். அந்தத் தெருவில் பாதிப்பேர் எங்களைப் போலக் காத்திருந்தவர்கள்தான். எங்களுக்கு ஊரில் எத்தனை பெயர் இருந்தாலும் அங்கே ஒரே பெயர்: லொட்ஜ் ஆட்கள். பல காலமாகக் கொழும்பில் இருந்த தமிழர்கள் எங்களோடு ஒரு முழம் தள்ளி நின்றே கதைத்தார்கள். எங்களால்தான் ஆமியின் சுற்றிவளைப்பு வருகிறது, எங்களோடு நின்றால் தங்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயம். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

மூப்பர் முப்பத்தைந்து வருடக் கொழும்புக்காரர். இரும்புக்கடை வைத்திருந்தார். சிங்களம் கதைத்தால் காவலில் நிற்பவர்களே "மாத்தயா" என்று மரியாதை போட்டுத்தான் பதில் சொல்வார்கள். கோவிலில் பூச்சாடி எங்கே நிற்க வேண்டும் என்பது முதல் அவர் சொன்னபடிதான்.

பெரிய வியாழன் பூசையில் ஒரு சடங்கு உண்டு. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, குருவானவர் பன்னிரண்டு ஆண்களின் வலது பாதத்தைக் கழுவித் துடைப்பார். எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரையும் மூப்பர்தான் தெரிவுசெய்வார். எந்த வருடம் எந்தக் குடும்பம் என்று கணக்கிருந்தது. அந்த வருடம் புதிதாக ஓர் இளம் ஃபாதர் வந்திருந்தார். குருத்து ஞாயிறன்று என்னைக் கூப்பிட்டு, "இடம்பெயர்ந்து வந்த ஒருத்தரும் இந்த முறை இருக்க வேணும். நீங்கள் வாங்கோ," என்றார். நல்ல மனிதர். மூப்பரிடம் சொல்ல மறந்துவிட்டார்.

கால் கழுவக் கொடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை நானும் செய்தேன்: காலைக் கழுவிக்கொண்டு போனேன். மூன்று முறை, சவர்க்காரம் போட்டு. வலது காலை மட்டும். நகம் வெட்டியதும் வலது காலில் மட்டும். லொட்ஜில் தண்ணீர் தட்டுப்பாடு. தேவையில்லாத காலுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்.

மார்ச் 27, மாலை 6.20. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகள். ஏழாவதில் இருந்து, வலது செருப்பைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே ஒழுங்காக வைத்தேன். கோவில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் றீற்றாவும் அனெற்றும். பதின்மூன்றாவது ஆளாக, மூப்பர் தெரிவுசெய்திருந்த, இரும்புக்கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் வந்து, இருக்க இடமில்லாமல் நின்றார். மூப்பர் பார்த்தார். கதிரைகளை எண்ணினார். நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, எழும்பும்."

"ஃபாதர்தான் என்னை..."

"எழும்பும் காணும். வந்தவன் போனவன் எல்லாம் இருக்கிறதுக்கு இது லொட்ஜ் இல்லை."

மெதுவாகச் சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுந்தேன். அவசரத்தில் செருப்பை மறந்துவிட்டேன். ஒரு காலில் செருப்போடும், மூன்று முறை கழுவிய மற்றக் காலோடும் நடுவழியால் கடைசித் தூண்வரை நடந்தேன். ஆட்கள் நிறைந்த பதினெட்டு வாங்கு வரிசைகள். பூசை முடியும்வரை, வேறொருவரின் கதிரைக்குக் கீழே என் வலது செருப்பு தெரிந்துகொண்டிருந்தது. முடிந்ததும் மூப்பர் அதை வாரில் பிடித்துத் தூக்கி, "இது ஆரின்ர?" என்று கேட்டார். நான் போய் வாங்கிக்கொண்டேன்.

ஃபாதர் லொட்ஜுக்கே வந்து, பிழை தன்னுடையது என்றார். "மன்னிச்சு விடுங்கோ," என்றார். "ஓம் ஃபாதர்," என்று சொல்லிவிட்டு, ஆயருக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். மூன்று பிரதிகள். இணைப்பாகக் கதிரைகளின் வரைபடம். அனுப்பவில்லை; ஆனால் நல்ல கடிதம். எங்களுக்குப் பிழை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று தினமும் சொல்கிற செபத்தில், அந்த இடம் வரும்போது இருமப் பழகினேன். செய்யாத காரியத்தைச் செய்ததாகப் பதிவது எனக்குப் பிடிக்காது.

இரண்டு கிழமையில் கொழும்பின் இன்னொரு பக்கமான வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸுக்கு மாறினோம். தண்ணீர் பிரச்சினை என்று வீட்டில் சொன்னேன். போகுமுன் பங்கு அலுவலகத்தில் முகவரி மாற்றத்தைப் பதிந்தேன், ஒழுங்கை இலக்கம், மாடி, பின்படி எல்லாம் தெளிவாக. கோபித்துக்கொண்டு போகிறவன் செய்கிற வேலையா என்று றீற்றா இன்றைக்கும் கேட்கிறாள்.

3

பெப்ரவரி 15க்குத் திரும்புகிறேன். ஐந்தரைக்குத் தேத்தண்ணி. மூப்பர் மேசையில் இருந்தார். அனெற் கணினியில் அவருடைய வாக்குமூலத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

இவர் இங்கு வந்து முதல் தமிழ்ப் பூசைக்கு வந்த நாளையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பூசை. மடக்குக் கதிரைகளைப் போடும் பொறுப்பு என்னுடையது. பதினான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. அன்றைக்கு எல்லாம் நிறைந்துவிட்டன. வாசலில் தொளதொளத்த கோட்டோடு ஒருவர். அடையாளம் கண்டேன். கதிரைகளின் அதிபதி நான், நிற்பது அவர். களஞ்சிய அறையில் இன்னும் ஆறு கதிரைகள் இருந்தன. முதல் வாசகம் முடியும்வரை அவரை நிற்கவிட்டுத்தான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஏறத்தாழ நான்கு நிமிடம். அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போது பிரச்சினை வேறு. கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் அவர் பிடிபட்டு அடிவாங்கியதுதான் விண்ணப்பத்தின் முக்கியமான பகுதி. முதல் படிவத்தில் அது 97 யூலை என்று சொல்லியிருந்தார். இரண்டாவதில் யூன். பிடித்தவர்கள் அதற்கு ஆதாரமாகத் துண்டு ஒன்றும் கொடுக்கவில்லை. "ஒரு திகதியைக்கூடச் சரியாகச் சொல்லாவிட்டால் மற்றதை எப்படி நம்புவார்கள்," என்று சட்டத்தரணி கோபித்திருந்தார். அந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஏதாவது கிடைத்தால் விசாரணை நாளிலாவது கொண்டுவாருங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றாராம்.

"தாத்தா, மே பி வெதர் ஏதும் ஞாபகம் இருக்கா? மழையா?" என்று கேட்டாள் அனெற்.

"கொழும்பில வெயிலும் மழையும் ஒரு நாளிலயே வரும் பிள்ளை. திகதி எனக்கு எங்க தெரியும்? உன்ர அப்பரைக் கேள். அவர் சுவாசிக்கிறதையே எழுதி வைக்கிற மனுசன்." பிறகு என்னைப் பார்த்தார். "அண்டைக்கு நீதானே வந்து என்னை எடுத்தனி. எழுதியிருப்பாய். அந்தப் பக்கத்தைத் தாவன்."

"பார்க்கிறன்," என்றேன். "எங்க இருக்கோ தெரியேல்லை."

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிலவறை, பழுப்பு சூட்கேஸ், இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது கொப்பி. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

4

21.06.97, சனி. பக்கம் இப்படித் தொடங்குகிறது: '10.20. த்ரீவீல் சாரதி ஒருவர் வந்தார்.'

கொம்பனித்தெருப் பக்கத்து முஸ்லிம் மனிதர். படியில் நின்றபடி, "இந்த ஊட்ல தாசன் என்டு ஒருத்தர் ஈக்காரா?" என்று கேட்டார். "வயசான ஆளொண்ட றோட்ல வெச்சுப் புடிச்சிட்டாங்க. ஒங்கட பேரத்தான் சென்னாரு. ஐடென்டிட்டி கார்டும் பொலிஸ் பதிவுக் கடதாசியும் எடுத்துக்கிட்டு வரட்டாம். கெதியாப் போங்க, வெயில்ல குந்த வெச்சிருக்காங்க."

இடத்தையும் சொன்னார். பிடித்தவர்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு வளவு. நடந்தால் இருபது நிமிடம். யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நன்றி சொன்னேன்.

அந்த நாட்களில் நடைமுறை எல்லோருக்கும் தெரியும். பொலிஸ் பதிவு உள்ள ஒருவர் போய், இவரை எனக்குத் தெரியும் என்று கையெழுத்து வைத்தால் விடுவார்கள். நேரத்தோடு போனால் நேரத்தோடு விடுவார்கள். என் பதிவுக் கடதாசி கதவுக்குப் பின்னால் ஒரு கோப்பில், எப்போதும் தயாராக இருந்தது. முப்பத்தைந்து வருடக் கொழும்பும் அந்தச் சிங்களமும் உதவவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். மூப்பரும் லொட்ஜ் ஆட்களோடு ஒரே வரிசையில் குந்தியிருக்கிறார். அதை நினைக்க எனக்கு எப்படி இருந்தது என்று பக்கத்தில் இல்லை. அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறது:

'10.35 சவரம். 11.10 குளிப்பு. 11.40 வெள்ளைச் சேட் அயன் பண்ணினேன். கொலர் இரண்டு தரம். 12.30 சாப்பாடு, கத்தரிக்காய்க் குழம்பு. 1.05 கோப்பைகளைக் கழுவினேன். 1.20 இன்றைய குறிப்பின் முற்பகுதி எழுதினேன். அவருக்கு வெள்ளவத்தையில் என்ன வேலையோ. 1.50 புறப்பட்டேன்.'

"இன்னும் போகேல்லையே?" என்று றீற்றா இரண்டு தரம் கேட்டாள். "பத்திரம் தேடுறன்," என்றேன். அந்தப் பொய்யை மட்டும் எழுதவில்லை.

'2.10 அடைந்தேன். கையெழுத்து. 2.40 விடுதலை. பஸ்ஸில் இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பேசவில்லை.'

பஸ்ஸில் எனக்கு அருகில் இருந்தவர் கோவிலில் கண்ட மூப்பர் போல இல்லை. சட்டையில் மண். ஆனாலும் அவருக்கு அன்று இது போதும் என்றுதான் நினைத்தேன். ஆயருக்கு எழுதிய கடிதத்தை வீட்டுக்கு வந்து கிழித்துப் போட்டேன். தேவை முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டு நிலவறைக்கு இறங்கி, அவருடைய வாக்குமூலத்தின் பிரதியை அந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன்: 'ஒரு மணிக்குப் பிறகு காவல் மாறியது. அதற்குமுன் இருந்தவர்கள் மரியாதையாக நடத்தினார்கள். ஆட்கள் வந்து கையெழுத்து வைத்த எல்லோரையும் விட்டார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர், உனக்காக யாரும் வரவில்லையா என்று கேட்டு இடது காதில் அறைந்தார். அன்றிலிருந்து அந்தக் காது கேட்பதில்லை.'

பழிவாங்குவதற்குத் துணிவும் பலமும் வேண்டும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரு அயன்பெட்டி மட்டும்.

கொப்பியின் கடைசியில் நான்கு வெற்றுத்தாள்கள் இருந்தன. அதே நீல மைப் பேனையும் சூட்கேஸில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதி, 10.20க்குப் பதில் 1.40 என்று போட்டால் எல்லாம் அழகாகப் பொருந்திவிடும். அவருக்குத் திகதி கிடைக்கும். எனக்கு அவரைப் பார்க்க முகம் கிடைக்கும். இருபத்தொரு வருட அரச சேவையில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தவன் நான். பேனையின் மூடியைக் கழற்றி, எவ்வளவு நேரம் இருந்தேன் என்று நான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நேரம் பார்க்காத சில நிமிடங்களில் அவையும் அடங்கும்.

5

"அப்பா, கிடைச்சுதா?"

அனெற் படியில் நின்றாள். கொப்பியை வாங்கி, அங்கேயே இருந்து படித்தாள். மொழிபெயர்த்துக் கையொப்பமிடப் போகிறவள் அவள்தான். 11.40 வரியில் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றது. வாக்குமூலம் அவளுக்கு மனப்பாடம்; பத்து நாளாக அவள்தான் திருத்தித் தட்டச்சுச் செய்தாள்.

"அண்டைக்கு நான் உங்களோட இருந்து சாப்பிட்டனான்," என்றாள். தமிழில். பசிக்கவில்லை, சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. "நீங்கள் ரெண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டீங்கள்."

"ஓம்."

"தேவையான வரியை மட்டும் மொழிபெயர்க்கலாம் அப்பா. முதல் வரி, கடைசி மூண்டு வரி. நடுவில புள்ளி புள்ளி போடலாம். அப்பிடிச் செய்யிறவை."

அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அது எனக்குத் தெரிந்தது. அதற்காக அவளை இன்னும் கொஞ்சம் பிடித்தது.

"புள்ளி போட்டா அந்த இடத்தில என்ன எண்டு கேப்பினம்," என்றேன். "முழுப் பக்கத்தையும் செய். ஆனா அதுக்கு முதல் நான் அவரோட கதைக்க வேணும்."

மேலே போனேன். மூப்பர் வரவேற்பறையில் நீளக் கதிரையில் இருந்து, சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியில் ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தேன். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், தொடக்கத்திலிருந்து சொன்னேன். சாரதி வந்த நேரம், சவரம், சேட், கத்தரிக்காய், கடைசியில் காது. வேண்டுமென்றுதான் பிந்தினேன் என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இவ்வளவு நீளமாக நான் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்ததில்லை.

மூப்பர் ஹொக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் பொறுத்துத் தலையைத் திருப்பினார்.

"ஏதும் சொன்னனியோ? அந்தப் பக்கம் இருந்து கதைச்சா எனக்கு விளங்காது தம்பி. இஞ்சால வா."

இடது பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

எழுந்து சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். இந்த முறை மெதுவாகவும் சொல்ல முடியவில்லை, "என்ன? என்ன?" என்று கேட்டுக் கேட்டு முழுவதையும் உரக்கச் சொல்லவைத்தார். சமையலறையில் றீற்றாவின் அகப்பைச் சத்தம் நின்றது. படியில் அனெற் நின்றாள். கோவிலின் நடுவழியில் நடந்ததைவிட இது நீளமாக இருந்தது.

கேட்டு முடித்ததும், "கொலர் ரெண்டு தரமோ?" என்றார்.

"ஓம்."

"நீ வந்து நிக்கேக்க பார்த்தனான். கலியாணத்துக்குப் போறவன் மாதிரி இருந்தாய்." தொலைக்காட்சியை அணைத்தார். "இது எனக்குத் தெரியும் தம்பி. அந்த த்ரீவீல்காரன் நல்ல மனுசன். பதினொரு மணிக்குத் திரும்ப வந்து, பத்தரைக்கு முதலே சொல்லிப்போட்டன் எண்டு மதிலுக்கு மேலால சொல்லிப்போட்டுப் போனவன். அதுக்குப் பிறகு நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தனான்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு நாளும் கேக்கேல்லை?"

"எங்கள் எல்லாரையும் செருப்பைக் கழட்டி வைக்கச் சொன்னவங்கள். வெறுங்காலோட சுடுமண்ணில குந்திக்கொண்டு இருக்கேக்க எனக்கு உன்ர செருப்புத்தான் ஞாபகத்துக்கு வந்தது. கதிரைக்கும் காதுக்கும் சரியாப் போச்சு எண்டு கொஞ்ச நாள் நினைச்சன். பிறகு யோசிச்சன், காது கொஞ்சம் கூட." தலையை ஆட்டினார். "பிறகு, அப்பிடி நிறுத்துப் பார்க்கிறது கடையில செய்யிற வேலை எண்டு விட்டிட்டன். அடிச்சவனையும் விட்டிட்டன். அவன் மற்றப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேக்கேல்லை, அந்தளவுக்கு நல்லவன். கேட்டிருந்தா இப்ப நீ எந்தப் பக்கம் இருந்து கத்தியும் பிரயோசனம் இல்லை."

சமையலறையிலிருந்து றீற்றா சிரித்துவிட்டாள்.

"நீ ஒண்டு கேட்டாய். நானும் ஒண்டு கேக்கிறன்," என்றார் மூப்பர். "எனக்கு வெள்ளவத்தையில ஆர் இருக்கினம்? அந்தச் சனிக்கிழமை நான் அங்க என்னத்துக்கு வந்தனான் எண்டு எப்பவாவது யோசிச்சனியோ?"

யோசித்திருந்தேன். 1.20க்கு எழுதியும் வைத்திருந்தேன்.

"உன்னட்டைத்தான் வந்தனான். ஃபாதர் மூண்டு மாதமா என்னைக் கரைச்சல் படுத்தினவர், போய் மன்னிப்புக் கேள் கேள் எண்டு. பங்குப் புத்தகத்தில உன்ர முகவரி, பின்படி வரைக்கும் எழுதிக் கிடந்துது. அதைத் துண்டில எழுதி சட்டைப் பையில வைச்சிருந்தனான். அதாலதான் அந்தத் துண்டை த்ரீவீல்காரனிட்டைக் குடுக்க முடிஞ்சது. உன்ர ஒழுங்கைக்கு ரெண்டு ஒழுங்கை இருக்கேக்க பிடிச்சிட்டாங்கள்."

படியில் அனெற் கொப்பியைத் திருப்பி 1.20 வரியைப் பார்த்தாள்.

"பஸ்ஸில சொல்லுவம் எண்டு பார்த்தன். காது இரைஞ்சுகொண்டிருந்தது. கோவமும் இருந்தது. பிறகு நீ பிளேன் ஏறிட்டாய்." எழுந்து நின்றார். முழங்கால் பிடித்தபடியால் அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "சனத்துக்கு முன்னால சொன்னதுக்குச் சனத்துக்கு முன்னாலதான் கேக்க வேணும். இப்ப எனக்கிருக்கிற சனம் இவ்வளவுதான். பிள்ளை றீற்றா, நீயும் வா. மகள், நீயும் வா." இருவரும் வந்து நின்றார்கள். "அண்டைக்கு உங்கட மனுசனைக் கதிரையால எழுப்பினது பிழை. செருப்பைத் தூக்கிக் காட்டினது அதைவிடப் பிழை. நீ மூண்டரை மணித்தியாலம் பிந்தினனி தம்பி. நான் மூண்டு வருசம் பிந்திப்போனன்."

"இரண்டு வருடம், பத்து மாதம், பத்தொன்பது நாள்," என்றேன். வாயில் வந்துவிட்டது.

"பாத்தியா பிள்ளை," என்றார் மூப்பர் அனெற்றைப் பார்த்து. "இந்த ஆளைத்தான் நான் வந்தவன் போனவன் எண்டு சொன்னனான்."

இரவுச் சாப்பாடு 7.40க்கு. புட்டு, மீன்குழம்பு, தேங்காய்ச் சம்பல். சாப்பிட முன் செபம் சொன்னோம். அந்த இடத்தில் நான் இருமவில்லை. பழக்கதோஷத்தில் றீற்றா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அனெற் 8.50க்கு முழுப் பக்கத்தையும் ஆங்கிலத்தில் முடித்துத் தந்தாள். கத்தரிக்காய் உட்பட.

மேயில் வந்த கடிதத்தில் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாக இருந்தது. அது அந்த மாதத்துப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே எழுத வந்தது அடுத்த நாள் காலையை.

6

பெப்ரவரி 16, புதன். 5.30க்கு எழுந்தேன். வேறெதற்கும் முன்பு, அடுப்பில் கேத்தில்கூட வைக்காமல், சாப்பாட்டு மேசையின் கதிரை ஒன்றைத் தூக்கி வாசலடியில் போட்டேன். மூப்பர் உடுத்துக்கொண்டு தயாராக நின்றார். "இருங்கோ," என்றேன். இருந்தார்.

பெட்டியைப் பிரித்து, தாளை எடுத்து, சப்பாத்துக் கயிறுகளைத் தளர்த்தினேன். நிலத்தில் முழங்காலில் இருந்து அவருடைய காலை எடுத்தேன். கம்பளிக் காலுறையிலும் குளிர்ந்திருந்தது. முதல் தரம் குதிக்கால் உள்ளே போகவில்லை; கையால் பிடித்துத் தள்ளவேண்டியிருந்தது.

மேலேயிருந்து அவர், "வலது கால்தானே முதல்?" என்றார்.

"வலதுதான்."

"கழுவிப்போட்டுத்தான் வந்தனான்," என்றார் மூப்பர். "ரெண்டையும்."

இரட்டை முடிச்சாகக் கட்டினேன். 5.41.